மூளை முடக்குவாதம் உள்ள நாலு வயசுப் பாப்பா: பால்வாடியில எப்படி உட்கார வைக்கிறது, எப்படி ஊட்டுறது?

மேலத்தெரு டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்துல அங்கன்வாடிப் பணியாளரா இருக்கேன். ஊருக்குள்ள பால்வாடி டீச்சர்னு சொன்னாதான் தெரியும். 14 வருஷ சர்வீஸ். பதிவேட்டுல 23 பிள்ளைக. நானும் உதவியாளர் அக்காவும்தான். ஒரு ரூம், பின்னால அடுப்படி, வாசல்ல மூணு படி.

ஜூன்ல இருந்து ஒரு பாப்பா வருது. வர்ற மாசம் நாலு வயசு முடியுது. மூளை முடக்குவாதம், அதான் செரிபிரல் பால்சி; மூளையில உள்ள பாதிப்பால கை கால் சொன்னபடி கேட்காது. அம்மா பீடி சுத்துறாங்க, அப்பா கேரளாவுல கட்டட வேலை. இதுவரைக்கும் ஆச்சி பார்த்துக்கிட்டாங்க. ஆச்சி கீழ விழுந்து இடுப்பு முறிஞ்சு படுத்ததுல இருந்து, அம்மா பாப்பாவை இடுப்புல தூக்கிட்டு வந்து எங்கிட்ட விட்டுட்டுப் போறாங்க.

நான் என்ன செய்றேன்னு மறைக்காம சொல்லிடுறேன். செவத்தோரமா பாயைப் போட்டுப் படுக்க வச்சிருக்கேன். அது காலையில இருந்து ஃபேனையே பார்த்துக்கிட்டு கிடக்கு. உட்கார வைக்கலாம்னு ரெண்டு தடவை பார்த்தேன். உடம்பு கம்பு மாதிரி விறைச்சுக்கிட்டு, ரெண்டு காலும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கிட்டு, அப்படியே வழுக்கிக் கீழ போயிருது.

ஊட்டுறதுதான் பெரிய பயம். அக்கா கைக்குழந்தைக்கு ஊட்டுற மாதிரி மடியில சாய்ச்சு, முழங்கையில தலையை வச்சு ஊட்டுவாங்க. போன வாரம் முட்டை போடுற நாள். ரெண்டாவது வாயிலயே புரையேறி, கண்ணுல தண்ணி வந்து, முகம் செவந்து போச்சு. நான் குப்புறப் போட்டு முதுகுல தட்டினதுல சரியாச்சு. அன்னையில இருந்து அக்கா, "என்னால முடியாது டீச்சர், ஏதாவது ஆச்சுன்னா என் தலையிலதான் விடியும்"னு ஒதுங்கிட்டாங்க. இப்ப மத்தியானம் அம்மாவே பீடியைப் போட்டுட்டு ஓடி வர்றாங்க. நூறு பீடி குறைஞ்சாலும் அவங்களுக்கு நஷ்டம்தானே.

ரெண்டு மூணு பிள்ளைகளோட அம்மாமார், "இது ஒட்டிக்காதா டீச்சர்?"னு கேட்டுட்டாங்க. மேல இருக்கிற ஒருத்தங்க, "எதுக்கு ரிஸ்க்? சத்துமாவு பாக்கெட்டைக் குடுத்து வீட்டுலயே வச்சுக்கச் சொல்லு"ங்கிறாங்க.

ஆனா அந்தப் பாப்பாவுக்கு எல்லாம் புரியுது. பாட்டுல காக்கா வர்ற வரி வர்றதுக்கு முன்னாலயே சிரிச்சுரும். நான் வேணும்னே அந்த வரியைப் பாடாம நிறுத்திப் பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல.

உட்கார வைக்கிறது எப்படி, ஊட்டுறது எப்படி? இந்த ரெண்டையும் யாராவது விவரமா சொல்லுங்க.


பாலா_கோவை:

சிஸ்டர், உங்க நல்ல மனசு புரியுது. ஆனா இதெல்லாம் பயிற்சி எடுத்தவங்க செய்ய வேண்டிய வேலை. சிறப்புப் பள்ளியில சேர்க்கச் சொல்லுங்க. 23 பிள்ளைகளுக்கு நடுவுல அந்தக் குழந்தைக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.


ராஜபாளையம் அம்மா:

பாலா தம்பி, சிறப்புப் பள்ளி எத்தனை கிலோமீட்டர்ல இருக்கு, பீடி சுத்துற பொம்பளை தினம் எத்தனை பஸ் மாறிப் போகணும்னு கணக்குப் போட்டீங்களா? எனக்கு அந்தக் கணக்கு தெரியும். ஒன்றரை வருஷம் போட்டுப் பார்த்தவ நான்.

டீச்சர், என் பையனுக்கும் இதேதான். இப்ப 12 வயசு, வீட்டுப் பக்கத்துல அரசு நடுநிலைப் பள்ளியில ஆறாவது. நடக்க மாட்டான். பேச்சு எங்க வீட்டு ஆளுகளுக்கும் அவன் கூட்டாளி ரெண்டு பேருக்கும் மட்டும்தான் விளங்கும். கணக்குல கெட்டி. அதை விடுங்க, நீங்க கேட்டதுக்கு வர்றேன்.

உங்க அக்கா ஊட்டுற மாதிரிதான் நானும் மூணு வயசு வரைக்கும் ஊட்டினேன். மடியில மல்லாக்கச் சாய்ச்சு, அண்ணாக்க வச்சு. அவனுக்கு சளி நெஞ்சுல கட்டிக்கிட்டே இருக்கும். ரெண்டு தடவை நிமோனியா. ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க, மருந்து எழுதினாங்க. எப்படி ஊட்டுறேன்னு யாருமே கேட்கல. மூணாவது தடவை ஒரு பேச்சுப் பயிற்சியாளர் பொண்ணு, என் மகனை விட 20 வயசுதான் பெரிசா இருக்கும், எங்கிட்ட ஒரு டம்ளர் தண்ணியைக் குடுத்து, "அக்கா, நல்லா அண்ணாந்து மேல ஃபேனைப் பாருங்க. அப்படியே இதைக் குடிங்க"ன்னுச்சு. குடிக்க முடியல. மூக்குல ஏறிருச்சு. "இப்படித்தான் தினம் மூணு வேளை அவன் சாப்பிடுறான்"னுச்சு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நீங்களும் உங்க அக்காவும் இன்னைக்கே ஒரு தடவை செஞ்சு பாருங்க. தண்ணி வேண்டாம், எச்சில் போதும். அண்ணாந்துக்கிட்டு முழுங்குங்க. அப்புறம் தாடையை லேசா நெஞ்சுப் பக்கம் இறக்கி முழுங்குங்க. இதுக்கு மேல அக்காவுக்கு விளக்கமே வேண்டாம்.

அதனால ஊட்டுறதுக்கு முன்னால உட்கார வைக்கிறது சரியாகணும். உட்காராம எதுவும் நடக்காது. சாப்பாடு, பார்வை, கை எல்லாம் அதுக்குப் பின்னாலதான்.

விறைச்சுக்கிட்டு இருக்கும்போது தோளை அமுக்கி உட்கார வைக்காதீங்க. அமுக்க அமுக்க இன்னும் விறைக்கும். முதல்ல முழங்காலையும் இடுப்பையும் மடக்குங்க. குளிருக்குச் சுருண்டு படுத்த பூனை மாதிரி சுருட்டினா உடம்பு தானா இளகும். அந்த இளக்கத்துலயே தூக்கி உட்கார வைங்க. அவங்க அம்மா இடுப்புல தூக்கிட்டு வர்றாங்கன்னு சொன்னீங்கள்ல, அது ரொம்ப நல்லது. இடுப்புல உட்கார்ந்தா ரெண்டு காலும் தானா பிரியும். நீங்களும் ரூமுக்குள்ள அப்படியே தூக்குங்க, ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுப் போகாதீங்க.

உட்கார வைக்க நாற்காலி வாங்க அலைய வேண்டாம். ரூமோட மூலை இருக்கே, அதுதான் முதல் நாற்காலி. ரெண்டு செவரும் சேர்ற இடத்துல உட்கார வச்சா தோள் ரெண்டும் தானா முன்னால வரும், கை ரெண்டும் நெஞ்சுக்கு நேரா வந்துரும். சப்பட்டைச் செவத்துல சாய்ச்சா கை பின்னால போய் இறக்கை மாதிரி விரிஞ்சுக்கும். கால் பின்னாம இருக்க தொடைக்கு நடுவுல பழைய சேலையை உருட்டி வைங்க. முன்னால முழங்கை உயரத்துக்கு ஒரு பலகை. நான் வச்சது ஒரு பழைய பலகாரப் பெட்டியோட மூடி, கீழ நாலு செங்கல். பிறகு மரவேலை செய்ற அண்ணன் ஒருத்தர், ரெண்டு பலகையை 'ட' மாதிரி சேர்த்து, கீழ ஒரு அடிப்பலகை வச்சு அடிச்சுக் குடுத்தார். அளவு எடுக்கும்போது உட்கார்ந்த பிள்ளையோட தோள் உயரத்துக்கு முதுகுப் பலகை வரணும்.

இப்ப ஊட்டுறது. பின்னால இருந்தோ நின்னுக்கிட்டோ ஊட்டாதீங்க. அக்கா எதிர்ல தரையில உட்காரணும், அவங்க முகம் பாப்பாவோட கண்ணுக்கு நேரா, இல்லைன்னா கொஞ்சம் தாழ இருக்கணும். மேல இருந்து கரண்டி வந்தா அது அண்ணாந்துதான் பார்க்கும். அரைக் கரண்டி போதும். கரண்டி சப்பையா இருக்கணும், நாக்கு நடுவுல வச்சு லேசா அழுத்தி, நேரா வெளிய எடுக்கணும். மேல் பல்லுல வழிச்சு விடக்கூடாது. முழுங்கிருச்சான்னு கழுத்தைப் பார்த்துட்டுத்தான் அடுத்த வாய்.

எவர்சில்வர் கரண்டி வேண்டாம். என் பையன் கரண்டி உள்ள போனதும் டக்குனு கடிச்சுருவான், விடவே மாட்டான். நான் அடம்னு நினைச்சு இழுப்பேன். ஒரு நாள் ஈறு பிஞ்சு ரத்தம் வந்திருச்சு. அது அடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பல்லுல பட்டதும் தாடை தானா இறுகிரும், அவ்வளவுதான். கெட்டியான, உடையாத பிளாஸ்டிக் கரண்டி வாங்குங்க. கடிச்சா இழுக்காதீங்க. அப்படியே வச்சிருங்க, இளகும்போது எடுங்க.

பதம் முக்கியம். குழைஞ்ச சாதத்தைப் பருப்போட மசிச்சு, கரண்டியைச் சாய்ச்சா உடனே வழியாம நிக்கிற அளவு. கட்டியும் தண்ணியுமா கலந்ததுதான் மோசம், ரசத்துல மிதக்கிற சோறு மாதிரி. முட்டையில மஞ்சக்கரு உதிர்ந்து தொண்டையில ஒட்டும், அதைச் சோத்தோட நல்லா பிசைஞ்சுருங்க. சத்துமாவு உருண்டை குடுக்கவே குடுக்காதீங்க, கூழா கிண்டிக் குடுங்க. சாப்பிட்டதும் படுக்க வச்சுராதீங்க, அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

ஒட்டிக்குமான்னு கேட்டவங்ககிட்ட கோவப்படாதீங்க. எங்க வீட்டுலயே கேட்டாங்க, என் நாத்தனார். "பொறக்குறதுக்கு முன்னாலயோ, பொறக்கும்போதோ, பொறந்த பிறகோ மூளையில பாதிப்பு ஆனதால வந்தது, தொட்டா வராது"ன்னு நேராச் சொல்லுங்க. பிள்ளைகளுக்கு அதுவும் தேவையில்ல. "அவ காலு அவ சொல்றதைக் கேக்காது"ன்னா போதும், அதுக புரிஞ்சுக்கும்.

காக்கா வரி கதையை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க நிறுத்தினதும் உங்க முகத்தைப் பார்த்துச்சுல்ல, அதுதான் அதோட பேச்சு. "இன்னும் வேணும்"னு கேட்டிருக்கு.


இயன்முறை_தென்காசி:

மேலே எழுதிய அம்மாவுக்கு வணக்கம். நான் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. அவங்க சொன்னதுல எனக்குச் சேர்க்க ரெண்டு மூணுதான் இருக்கு.

மூலையில தரையோட உட்கார வச்சா சில பிள்ளைகளுக்கு முதுகு கூனிடும். தொடையின் பின்தசை இறுகி இருந்தா, காலை நீட்டி உட்காரும்போது அந்தத் தசை இடுப்பைப் பின்னால இழுக்கும். பாப்பா வழுக்கிக் கீழ போகுதுன்னு டீச்சர் சொன்னது அநேகமா இதனாலதான். ஒரு மணைக்கட்டை அல்லது உயரம் குறைஞ்ச ஸ்டூலை மூலையில வச்சு அதுல உட்கார வைங்க. இடுப்பு மடங்கணும், முழங்கால் மடங்கணும், பாதம் முழுசா தரையில படணும். பாதம் அந்தரத்துல தொங்கினா மறுபடி விறைப்புதான். எட்டலைன்னா காலடியில பழைய நோட்டுகளைக் கட்டி வைங்க. இடுப்பைச் சுத்தி அகலமான துணிப்பட்டை ஒண்ணு, வயித்துல இல்ல, தொடை மடிப்புல வர்ற மாதிரி.

ஒரே இருப்புல அரைமணி, முக்கால் மணிக்கு மேல வேண்டாம். நடுவுல ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நெஞ்சுக்குக் கீழ உருட்டின துணி வச்சுக் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வைங்க. ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும்.

முட்டை நாள்ல நடந்ததைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. சாப்பிடும்போது அடிக்கடி இருமுதா, சாப்பிட்ட பிறகு குரல் கொளகொளன்னு ஈரமா கேட்குதா, மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சுச் சளி வருதா? இதுல ஒண்ணு இருந்தாலும் விழுங்கும் திறனைப் பேச்சுப் பயிற்சியாளர்கிட்ட காட்டியே ஆகணும். சில பிள்ளைகளுக்குத் தண்ணியையே கெட்டியாக்கித்தான் குடுக்கணும். அதை நேர்ல பார்த்தவங்கதான் சொல்ல முடியும், இங்க எழுதி முடிவு பண்ணக் கூடாது. அதுவரைக்கும் அம்மா ஊட்டும்போது அக்கா பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டும், பழகட்டும்.

இன்னொண்ணு, யாரும் கேட்கல. வலிப்பு வருதா, மாத்திரை எத்தனை மணிக்குன்னு அம்மாகிட்ட எழுதி வாங்கிக்கோங்க. மூளை முடக்குவாதத்தோட வலிப்பும் வர்றது நிறையவே உண்டு. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மணியைப் பாருங்க. வாயில எதையும் வைக்காதீங்க. கையில சாவிக்கொத்தைத் திணிக்கிறது, இரும்பைக் குடுக்கிறது, வெங்காயத்தை மோந்து பார்க்க வைக்கிறது எதுவுமே வேண்டாம். 5 நிமிஷம் தாண்டினா 108.

உங்க மாவட்டத்துலயே ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு. 1981-ல இருந்து நடக்குது, சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பக்காலப் பயிற்சியை ஊருக்கே போய்ச் செய்றவங்க. அங்க ஒரு தடவை கேட்டுப் பாருங்க.


ஓய்வு பெற்ற மேற்பார்வையாளர்:

அங்கன்வாடித் துறையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள். உங்களை "வீட்டுக்கு அனுப்பு" என்று சொன்னவருக்கு நீங்கள் அமைதியாகச் சொல்லக்கூடிய பதில்கள் இருக்கின்றன, அதற்காக எழுதுகிறேன்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி உணவை உரிமையாக்கியது. நடக்கிற பிள்ளை, நடக்காத பிள்ளை என்று அதில் பிரிவு கிடையாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, மூளை முடக்குவாதம் அதில் உண்டு. 2023 நவம்பரில் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அங்கன்வாடிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே ஒரு நெறிமுறையை வெளியிட்டது. கண்டறிவது, குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்வது, மருத்துவக் குழுவுக்கு அனுப்புவது என்று அங்கன்வாடியின் பங்கு அதில் வருகிறது. அதன் அச்சுப் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சை விட தாளுக்கு மரியாதை அதிகம், இதை நான் 31 வருடத்தில் கற்றுக்கொண்டேன்.

ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற, பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரவேண்டும். வண்டி வரும் நாளில் பாப்பா அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் நடப்பது என்னவென்றால், அன்றைக்கு மட்டும் "கூட்டமா இருக்கும்" என்று இந்தப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடுவார்கள். யாரைப் பார்க்க வண்டி வருகிறதோ அந்தப் பிள்ளை மட்டும் இருக்காது. நானே அப்படி இரண்டு தடவை கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தக் குழு எழுதிக் கொடுத்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இயன்முறை, பேச்சு, கண், காது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியர்களையும் கேளுங்கள்.

அம்மாவிடம் பாப்பாவின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். கடுமையான பாதிப்பு என்று சான்று கிடைத்தால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு அங்கேயே மனு கொடுக்கலாம். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிரமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. இதற்கெல்லாம் அலைய ஒரு நாள் பீடிக் கூலி போகும். முடிந்தால் கூட ஒரு ஆளை அனுப்புங்கள்.


பாலா_கோவை:

ராஜபாளையம் அம்மா, மன்னிக்கணும். நான் எழுதும்போது பஸ்ஸை யோசிக்கல. அந்த எச்சில் முழுங்கிற சோதனையை ஆபீஸ்ல செஞ்சு பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன ஆச்சுன்னு கேட்டார்.


மேலத்தெரு டீச்சர் (மூணு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வரியில முடிக்க மனசில்ல. நடந்ததைச் சொல்லிடுறேன்.

முதல்ல அக்காவை அண்ணாந்து முழுங்கச் சொன்னேன். முழுங்கிட்டு ஒண்ணும் பேசல. மறுநாள் வீட்டுல இருந்து அவங்க பேரனோட பிளாஸ்டிக் கரண்டியைக் கொண்டு வந்துட்டாங்க. பத்து நாள் பாப்பாவோட அம்மா ஊட்டும்போது பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. போன திங்கள்ல இருந்து அக்காதான் ஊட்டுறாங்க. முன்ன முக்கால் மணி நேரம் ஆகும், இப்ப 25 நிமிஷம். நடுவுல ஒரே ஒரு தடவை இருமுச்சு, அன்னைக்கு அக்கா அவசரப்பட்டுட்டாங்க, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. பேச்சுப் பயிற்சியாளர்கிட்டயும் காட்டியாச்சு. தண்ணியை மட்டும் கொஞ்சம் கெட்டியாக்கிக் குடுக்கச் சொல்லி, எப்படின்னு அம்மாவுக்கும் எங்க ரெண்டு பேருக்கும் செஞ்சு காட்டினாங்க.

மணைக்கட்டை போட்டு மூலையில உட்கார வச்ச முதல் நாள் அழுதுச்சு. பத்து நிமிஷத்துல எடுத்துட்டேன். ரெண்டாம் நாள் 15 நிமிஷம். பாதம் தரையில பட்டா விறைப்பு குறையும்னு சார் எழுதியிருந்தது எனக்கு நம்பிக்கையே இல்ல, கண்ணால பார்த்தப்புறம்தான் நம்பினேன். முன்னால வைக்கிற பலகைக்கு அவங்க அம்மா பீடித்தட்டையே தர்றேன்னாங்க. புகையிலைத் தூசி வேண்டாம்மான்னு சொல்லிட்டு, எங்க வீட்டு அரிவாமணைப் பலகையில இருந்து அரிவாளைக் கழட்டிட்டு, தேய்ச்சுக் கழுவிக் கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டிக்கிட்டு இருக்கார்.

மணியில ஒரு கயிறைக் கோத்துப் பாப்பா மணிக்கட்டுல கட்டி, காக்கா வரி வந்ததும் ஆட்டணும்னு சொல்லிட்டேன். கை வர நேரம் ஆகுது. நான் மனசுக்குள்ள பத்து எண்ணுறேன். முதல்ல மத்த பிள்ளைக பொறுக்காம அதுகளே "கா கா"ன்னு கத்திருச்சுக. இப்ப யாராவது அவசரப்பட்டா இன்னொண்ணு "ஷ்ஷ், அவ கை வந்துக்கிட்டு இருக்கு"ங்குது. அப்படிச் சொல்றது யாருன்னா, ஒட்டிக்குமான்னு கேட்டாங்களே, அவங்க மக.

தண்ணியா, பாட்டான்னு டம்ளரையும் மணியையும் காட்டிக் கேட்கிறேன். கண்ணால காட்டுது. நேத்து ரெண்டையும் பார்க்காம ஜன்னலைப் பார்த்துச்சு. என்னன்னு எனக்கு விளங்கல, அக்காதான் "வெளிய போகணும்ங்குது டீச்சர்"னாங்க. தூக்கிட்டுப் போய் வாசல்ல உட்கார வச்சோம்.

அந்த மூணு படிதான் இப்ப பாக்கி. சறுக்குப்பாதை கேட்டு ஊராட்சியில மனு குடுத்திருக்கேன். இரண்டடி உயரத்துக்கு எவ்வளவு நீளம் போடணும்னு கிளார்க் கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியல. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.


இயன்முறை_தென்காசி:

ஒரு அடி உயரத்துக்குக் குறைஞ்சது 12 அடி நீளம். உங்களுக்கு 24 அடி வேணும். நேரா போட இடம் இல்லைன்னா நடுவுல ஒரு சமதளம் விட்டு மடக்கிப் போடச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் கைப்பிடியோட. படிக்கல்லு மாதிரி செங்குத்தா சிமெண்ட் பூசிட்டு 'சறுக்குப்பாதை'ன்னு பில் போட்டுருவாங்க, அளவை மனுவுலயே எழுதிக் குடுத்துருங்க.